எல்லாவற்றுக்கும் இல்லை

அம்பிட்டிய
05.03.2024, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுதேஷ் அத்தான் கொண்டுவந்து தந்த மிளகும் கடிதமும் கிடைத்தன. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டியிருந்தீர்கள். கடிதத்தை விரித்ததும் நாலு தும்மல். பிறகுதான் "அன்புள்ள மகளுக்கு" என்பதையே வாசித்தேன்.

காது மெஷினைப் போடுகிறீர்களா, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்களா? அத்தையிடம் போனில் கேட்கலாம். ஆனால் அத்தையிடம் ஒன்று கேட்டால் அது பத்தாகி, கலஹா பஸ்ஸில் ஏறிப் பேராதனைக்கு வந்து இறங்கும். அதனால் அத்தைக்கு "சுகம் அத்தை" மட்டும். மற்றதெல்லாம் உங்களுக்கு, தபாலில். இந்தக் கடிதத்தையும் அவர் கண்ணில் படாமல் வையுங்கள். என் கழுத்தைப் பற்றி ஊர் பேசுவதை என்னால் தாங்க முடியாது.

நேற்று ஒப்பரேஷனுக்கு முந்திய சோதனைக்குப் போனேன். கட்டியை எடுப்பது 21ஆம் திகதி வியாழக்கிழமை. முதல் நாளே போய்ப் படுக்க வேண்டும். ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் சந்தேகம் என்று சொன்னதால் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார்கள். பயப்படாதீர்கள். சந்தேகம் என்றால் சந்தேகம் மட்டும்தான்.

நீங்கள் ஸ்டோர்ஸில் வேலை செய்தவர், அதனால் என் ஆயத்தத்தைக் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். கிளினிக் கொப்பி, ஸ்கேன், இரத்த ரிப்போர்ட், ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் போட்டேன். நகப்பூச்சை அழித்தேன். வாசிக்க ஒரு தடித்த புத்தகமும் எடுத்துப் போனேன். ஒரு பக்கம் கூட வாசிக்கவில்லை. காரணம், பக்கத்துக் கதிரையில் மஸாஹிரா ராத்தா.

அக்குறணைக்காரர், ஐம்பது வயதிருக்கும். குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் எனக்குப் பாடம் தொடங்கிவிட்டார்.

"புள்ள, டொக்டர் கேக்குற எல்லாத்துக்கும் இல்லன்டே செல்லுங்க. ஒன்டுக்கு ஈக்கின்டு சென்னாப் போதும், டேட்டத் தள்ளிருவாங்க. எனக்கு ரெண்டு தரம் தள்ளினது."

"ஏன் ராத்தா தள்ளினாங்க?"

கைப்பையைத் திறந்து காட்டினார். இழுப்புக்கு அடிக்கிற பம்ப். "இதச் சென்ன குத்தம்தான். இன்டைக்கு இது பைக்குள்ள கம்முன்டு ஈக்கும்."

எங்கள் வரிசையில் எல்லாரும் இதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீனி வருத்தம் இருக்கிற ஒரு ஐயா, காலையில் குடித்த தேத்தண்ணீரைக் கூடச் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

மயக்க மருந்து டொக்டர் இளம் பெண். என் வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார், ஆடுகிற பல் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு கேள்விகள். இழுப்பு? இல்லை. வலிப்பு? இல்லை. மருந்து ஒவ்வாமை? இல்லை. சிங்களத்தில் "நே, நே" என்று நான் சொன்ன வேகத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது ஏதாவது ஆனதா என்று கேட்டார். அதற்கும் "நே". அம்மா இருக்கிறாரா என்றார். எனக்கு மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டார் என்றேன். என்ன காய்ச்சல் என்றார். தெரியாது என்றேன். இருபத்தாறு வயதுப் பிள்ளை, தன் தாய் எந்தக் காய்ச்சலில் செத்தாள் என்று தெரியாமல் இருக்கிறதே என்று அவர் நினைத்திருப்பார். எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

அது என்ன காய்ச்சல் அப்பா? சும்மா தெரிந்துவைக்கத்தான்.

உங்கள் பாசமுள்ள மகள்,
நிரோ


கலஹா
09.03.2024

மகள் நிரோஷினிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒப்பரேஷன் வேண்டாம். உடனே போய் 21ஆம் திகதி வேண்டாம் என்று சொல்லிவிடு. கழுத்துக் கட்டிக்குப் பத்து வருஷமாக நாட்டு மருந்து சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அத்தைக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார். அத்தையிடம் விபரம் சொல்லவில்லை.

டொக்டர் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டார்? அம்மாவின் பக்கத்து ஆட்களைப் பற்றித் தனியாகக் கேட்டாரா? நீ சொன்ன பதிலை எழுதிக்கொண்டாரா, அல்லது கேட்டதோடு சரியா? இதை மட்டும் உடனே எழுது.

ஒப்பரேஷன் வேண்டாம்.

அப்பா


அம்பிட்டிய
12.03.2024, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இதை எழுதியது நீங்கள்தானா என்று சந்தேகமாக இருந்தது. நீங்கள் பக்கத்துக்கு இலக்கம் போடாமல் எழுதிய கடிதம் என்னிடம் வேறு இல்லை. எப்போதும் உள்ளே வைக்கிற திருநீற்று மடிப்பும் இல்லை. நான் சாப்பிட்டேனா என்று கூடக் கேட்கவில்லை. நாட்டு மருந்தை நம்பாதவர் நீங்கள். அத்தை கால் சுளுக்குக்கு எண்ணெய் வாங்கியபோது "இதெல்லாம் பொரிக்கத்தான் சரி" என்று சொன்னவர்.

கேட்டதற்குப் பதில்: டொக்டர் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. "இல்லை" என்று எழுதிக்கொண்டார். என் கண்ணாலே பார்த்தேன்.

அப்பா, எனக்கும் பயம்தான். போன கடிதத்தில் அதை மறைத்துச் சிரிப்பாக எழுதினேன். கட்டி இப்போது சோறு விழுங்கும்போது தெரிகிறது. கொலேஜ் நூலகத்தில் பிள்ளைகள் கேட்டுவிடக் கூடாதே என்று சால்வை சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். இந்த டேட்டுக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். தள்ளிப்போட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அந்தச் சந்தேகம் என் கழுத்துக்குள் இருக்கும்.

உங்களுக்கு இருப்பது பயம் மட்டும் என்றால், எனக்காக அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போகிறேன். வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள். நான் குழந்தை இல்லை.

உங்கள் பாசமுள்ள மகள்,
நிரோ


கலஹா
15.03.2024, வெள்ளி

(1)

அன்புள்ள மகளுக்கு,

இதைத் தபாலில் போட எனக்கு நம்பிக்கை இல்லை. சுதேஷிடம் கொடுத்து, உன் கையில் மட்டும் தரச் சொல்லியிருக்கிறேன். கதிரையில் உட்கார்ந்துகொண்டு வாசி.

உன் அம்மா காய்ச்சலில் சாகவில்லை. ஒப்பரேஷன் மேசையில் செத்தாள்.

2001ஆம் வருஷம், பெப்ரவரி மாதம். பித்தப்பையில் கல். சாகிற வருத்தம் இல்லை, ஆனால் வலி வந்தால் சுருண்டு கிடப்பாள். இரண்டு முறை டேட் கிடைத்து இரண்டும் தள்ளிப்போயிற்று. ஒரு முறை அவளுக்கு இருமல் என்று, ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஏதோ வசதிக்குறைவு என்று. மூன்றாவது டேட்டுக்கு நான் ஸ்டோர்ஸில் கெஞ்சி லீவு எடுத்தேன். நீ போன மாதிரித்தான் முதலில் ஒரு சோதனை. வரிசையில் எனக்குப் பக்கத்தில் முழங்காலுக்குக் கட்டுப் போட்ட ஒருவர். அவர் சொன்னது, உன் மஸாஹிரா ராத்தா உனக்குச் சொன்ன அதே வார்த்தை.

உன் அம்மா புஷ்பத்துக்குச் சிங்களம் வராது. அவள் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். நர்ஸ் கேட்பதை நான் தமிழில் அவளுக்குச் சொல்வேன். அவள் சொல்வதை நான் சிங்களத்தில் திருப்பிச் சொல்வேன். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. நான் அவளிடம் சொன்னேன்.

(2)

அவள் உடனே சொன்னாள்: "எங்க அண்ணனுக்கு ஆச்சுங்களே. குடல்வாலு ஒப்பரேஷன்ல மயக்கம் குடுத்த ஒடனே ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுப் போச்சு, பல்லு கிட்டிப் போச்சுன்னு அம்மா சொல்லும். அதச் சொல்லுங்க அவங்ககிட்ட."

நான், "அது குடல்வாலு வெடிச்சுச் செத்தது. அதுக்கும் இதுக்கும் என்ன? சும்மா இரு, மறுபடியும் தள்ளிருவாங்க" என்றேன்.

நர்ஸ், என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"நே, மிஸ்" என்றேன்.

சிங்களம் தெரியாதவளுக்கும் அந்த ஒரு சொல் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அதுதான், மகள், இருபத்து மூன்று வருஷமாக என் காதில் இருப்பது. இந்தக் காதில் வேறு ஒன்றும் விழாமல் போன பிறகும் அது விழுகிறது.

ஒப்பரேஷன் அன்று, மயக்கம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் கையைத் தொட்டேன். கொதிக்கிற கேத்தலைத் தொட்ட மாதிரி இருந்தது. அவர்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. ஐஸை வாரி வாரி வைத்தார்கள். பெரிய டொக்டர் வேர்த்துப்போய் என்னிடம் வந்து கேட்டார்: குடும்பத்தில் யாருக்காவது இப்படி ஆனதா?

(3)

அப்போதும் இல்லை என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆம் என்றால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரக்கூடாது என்பதற்காக, அவள் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாம் முறை பொய் சொன்னேன். அப்போது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் வீட்டாரிடம் காய்ச்சல் என்றேன். அவள் உடம்பு கொதித்ததை நானே தொட்டேன், அதனால் அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். இப்போது நீ போய் அதே கேள்விக்கு "நே" என்று சொல்லிவிட்டு வந்து, சிரித்துக்கொண்டு எனக்கு எழுதியிருக்கிறாய்.

போன கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்டுவிடுவாய், சொல்லாமலே தப்பிவிடலாம் என்று நினைத்தேன். அது மூன்றாவது முறை.

டொக்டரிடம் போய்ச் சொல். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டு. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

அப்பா,
சு. ராஜலிங்கம்


அம்பிட்டிய
16.03.2024

அப்பா,

கடிதம் கிடைத்தது. சுதேஷ் அத்தான் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்திருந்தார். நான் வாசித்துவிட்டு அவரைப் பார்த்து, "சீனி போட்டேனா?" என்று கேட்டேன். ரெண்டு தரம் போட்டாய் என்றார். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை.

என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ந்துதான் இருக்கிறது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இப்போதைக்கு எழுத வேண்டாம்.

நிரோஷினி


கலஹா
19.03.2024

அன்புள்ள மகளுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இரண்டு வரி மட்டும்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் கண்டிக்கு வந்தேன். அத்தையிடம் காது மெஷினுக்கு பற்றரி வாங்கப் போகிறேன் என்றேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றேன். நீ நீலச் சால்வையோடு ஃபைலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனதைக் கண்டேன். வெளியே வந்ததையும் கண்டேன். உன் நடையைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

சொன்னாயா, மகள்? அதை மட்டும் எழுது. ஒரு சொல் போதும்.

அப்பா


அம்பிட்டிய
21.03.2024, வியாழன்

அப்பா,

சொன்னேன்.

நீங்கள் கேட்ட ஒரு சொல் அது. மிச்சத்தை நான் எழுதுவது எனக்காக.

இன்று 21ஆம் திகதி. எட்டு மணிக்கு என்னை உள்ளே கொண்டு போயிருப்பார்கள். எட்டரைக்கு நான் நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். திகதி முத்திரையைத் திருப்பி 21 என்று வைத்தபோது கை நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "மிஸ், புத்தகத்தத் தாங்க" என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை, டொக்டரிடம் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்துவைத்து, ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் பக்கத்தையும் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டார். அந்த இடத்தில் யாரும் பேனையை வைத்து நான் பார்த்ததில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பிறகு சொன்னார்: இது சில குடும்பங்களில் இரத்தத்தோடு வருவது. வழக்கமாகக் கொடுக்கிற மயக்க வாயுவும் ஒரு ஊசியும் மட்டும்தான் அவர்களுக்குப் பகை. அதில் உடம்பு தீயாகிவிடும். "உங்களுக்கு நான் கொடுக்க இருந்தது அதே வாயுதான்" என்றார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவருக்கு நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

எனக்கு அது வந்திருக்கிறதா இல்லையா என்று இங்கே சோதித்துப் பார்க்க வழியில்லையாம். இருக்கிறது என்றே வைத்துக்கொள்வார்களாம். அந்த வாயு இல்லாமல், நரம்பில் ஏற்றுகிற வேறு மருந்தால் மயக்கம் கொடுக்க முடியும். மயக்கம் கொடுக்கிற மெஷினை முதலில் சுத்தம் செய்துவிட்டு, அன்றைக்கு முதல் ஆளாக என்னை எடுப்பார்கள். புது டேட் மே 9. அதைக் கேட்டபோதுதான் அழுதேன் அப்பா. ஏழு வாரம். சொன்னதற்கு அவர்கள் கொடுத்த தண்டனை அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் நீங்கள்...

இந்த வரியை முடிக்க என்னால் முடியவில்லை. நாலு நாளாக முயற்சி செய்கிறேன். உங்கள் மேல் கோபம் என்று எழுதினால் அது சின்னச் சொல்லாக இருக்கிறது. எனக்கு இன்னும் கோபம் கூட வரவில்லை. காதில் இரைச்சல் மட்டும்தான். பாதையைக் கடக்கும்போது நடுவில் நின்றுவிடுகிறேன், பஸ்காரர்கள் ஏசுகிறார்கள்.

வெளியே வரும்போது மஸாஹிரா ராத்தா ஏதோ ரிப்போர்ட் வாங்க வந்திருந்தார். கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பம்ப் இருப்பதைப் போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

"ஒங்கட டேட் போச்சுன்டா எண்ட டேட்டும் போகணுமா? நல்ல புள்ளதான்!" என்று கையை உதறினார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் ஒன்றும் சொல்லாத நான், முன்பின் தெரியாத ஒருவரிடம் வாசல் கதிரையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லாஹ். நானெல்லோ ஒங்களுக்குச் சென்னது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு பையைத் திறந்து பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உங்களையும் கண்டேன். வெள்ளைச் சேர்ட், கறுப்புக் குடை, மரத்தடி. போகும்போதும் கண்டேன், வரும்போதும் கண்டேன். கூப்பிட்டிருந்தாலும் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஆனால் நான் கூப்பிடவில்லை.

சித்திரை வருஷத்துக்குக் கலஹாவுக்கு வரமாட்டேன். அத்தைக்கு நூலகத்தில் வேலை என்று சொல்லுங்கள். இல்லை, அப்படிச் சொல்ல வேண்டாம். வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு காரியம் நீங்கள் செய்ய வேண்டும். அம்மாவின் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கும் இது இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். சித்திக்கு நீங்களே எழுத வேண்டும், என்ன நடந்தது என்று முழுதாக. நான் எழுதமாட்டேன்.

மற்றது. ஏப்ரல் 29, திங்கட்கிழமை, எனக்கு மறுபடியும் சோதனை. பெரிய டொக்டரும் இருப்பார். அம்மாவுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்த உங்களிடமே கேட்க வேண்டும் என்கிறார். அம்மாவின் மரணச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள். காது மெஷினைப் போட்டுக்கொண்டு வாருங்கள். அதிலும் கேட்காவிட்டால், ஒவ்வொரு கேள்வியையும் நான் தாளில் பெரிய எழுத்தில் எழுதி உங்கள் முன்னால் வைப்பேன். உங்களுக்காக ஒரு பதிலும் நான் சொல்லமாட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்து வாசியுங்கள். அவசரமில்லை. பின்னால் எத்தனை பேர் நின்றாலும் பரவாயில்லை.

ஏழரைக்கு வாசலில் நிற்பேன். அந்த மரத்தடியில் நிற்க வேண்டாம். பாதையைக் கடந்து இந்தப் பக்கம் வாருங்கள்.

நிரோஷினி